ஒரே ஸ்பீக்கர், அதுக்கேத்த பெட்டி: அக்காவின் டிப்ஸ்

வீட்டுலயே ஸ்பீக்கர் பெட்டி செய்யணும்னு ஆசை வந்ததும் தம்பியோ தங்கச்சியோ என்கிட்ட கேக்குற முதல் கேள்வி, "அக்கா, எந்த ஸ்பீக்கர் நல்லது?" நான் திருப்பிக் கேக்குறது, "எவ்வளவு பெரிய பெட்டி வைக்க உன் வீட்டுல இடம் இருக்கு?"

காரணம் இருக்கு. ஒரே ஒரு ஸ்பீக்கரை வச்சு முழுப் பாட்டையும் கேக்குற 'ஃபுல் ரேஞ்ச்' வேலையில ட்வீட்டர் கிடையாது, வூஃபர் கிடையாது, ரெண்டுக்கும் சத்தத்தைப் பிரிச்சுக் கொடுக்குற கிராஸ்ஓவரும் கிடையாது. கோனும் காந்தமும் தொழிற்சாலையிலேயே முடிஞ்சு வந்துடுது. நாம நல்லது கெட்டது பண்ண மிச்சம் இருக்குறது பெட்டி ஒண்ணுதான். அதனால உனக்குப் பிடிச்ச அளவுல பெட்டி செஞ்சுட்டு ஸ்பீக்கரை அதுக்குள்ள திணிக்காதே. அந்த ஸ்பீக்கர் கேக்குற பெட்டியைச் செஞ்சு கொடு. கீழே இருக்குற டிப்ஸ் எல்லாம் அதுக்குத்தான். இனிமே வெறும் ஸ்பீக்கரை மட்டும் 'டிரைவர்'னு சொல்றேன், குழப்பம் வராது.

1. மூணு எண் இல்லாத டிரைவரை வாங்காதே

டிரைவர்கூட ஒரு விவரத்தாள் இருக்கணும். அதுல மூணு எண்ணைத் தேடு. எஃப்.எஸ்: பெட்டியில்லாம இருக்கும்போது கோன் இயல்பா ஆடுற அதிர்வெண். க்யூ.டி.எஸ்: அந்த ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும்னு சொல்ற எண்; சின்னதா இருந்தா காந்தத்தோட பிடி பலம்னு அர்த்தம். வி.ஏ.எஸ்: கோனைத் தாங்குற சஸ்பென்ஷன் எவ்வளவு இளக்கமோ அதே இளக்கம் உள்ள காத்தோட அளவு, லிட்டர்ல. இந்த மூணையும் வச்சுப் பெட்டிக் கணக்குப் போடுற முறையை ஆஸ்திரேலியாவுல நெவில் தீல் 1961-ல எழுதினார். சிட்னி பல்கலைக்கழகத்துல ரிச்சர்ட் ஸ்மால் 1970-கள்ல அதை விரிவாக்கினார். இன்னைக்கும் உலகம் முழுக்க அந்தக் கணக்குதான் ஓடுது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவுல லேபிள் இல்லாத டிரைவர் சல்லிசா கிடைக்கும். கத்துக்க, கழட்டிப் பார்க்க வாங்கு. பெட்டி செய்ய வேண்டாம். எண் தெரியாம போடுற பெட்டி லாட்டரிச் சீட்டுதான். ஃபாஸ்டெக்ஸ், விசாட்டன், டாங் பேண்ட், மார்க் ஆடியோ மாதிரி ஃபுல் ரேஞ்ச் செய்றவங்க எல்லாரும் இந்த எண்களைக் கொடுக்குறாங்க.

2. முதல் ஜோடிக்கு மூணு இன்ச் அல்லது நாலு இன்ச் போதும்

பெரிய கோன் நிறைய காத்தைத் தள்ளும், பேஸ் நல்லா வரும். ஆனா உச்ச ஸ்தாயியில சத்தத்தை டார்ச் அடிக்கிற மாதிரி நேராத்தான் வீசும். ஒரு பக்கம் நகர்ந்து உட்கார்ந்தா பாட்டு மங்கிடும். நாலு இன்ச் டிரைவர்ல ஆடுற பகுதி சுமார் 8 செ.மீ. சத்தத்தோட அலைநீளம் அந்த அளவுக்குச் சுருங்குறது 4,300 ஹெர்ட்ஸ் பக்கம்தான். எட்டு இன்ச் கோன்னா அந்தச் சிக்கல் ஏறக்குறைய பாதி அதிர்வெண்லயே ஆரம்பிச்சுடும்.

சின்ன டிரைவர்கிட்ட எதை எதிர்பார்க்கலாம்னும் தெரிஞ்சுக்கோ. குரல், வீணை, புல்லாங்குழல், வயலின், கிட்டார் இதெல்லாம் எதிர்ல உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி வரும். கோயில் திருவிழா செட்டுல வர்ற மாதிரி நெஞ்சுல இடிக்கிற பேஸ் வராது. அது வேணும்னா இந்த வழியில வராதே.

3. எண்ணைப் பார்த்து பெட்டி வகையை முடிவு பண்ணு

தோராயமா இப்படி வச்சுக்கோ. க்யூ.டி.எஸ் 0.4-க்குக் கீழ இருந்தா ஓட்டை வச்ச பெட்டி (பேஸ் ரிஃப்ளெக்ஸ்) அல்லது ஹார்ன் (வாய் விரிஞ்சுக்கிட்டே போற நீளக் குழாய்). 0.4-லேர்ந்து 0.7 வரைக்கும் மூடின பெட்டி. 0.7-க்கு மேல போனா பெட்டியே வேண்டாம், அகலமான பலகையில மாட்டி நிறுத்துற ஓபன் பேஃபிள். எல்லைக்கோட்டுல இருக்குற டிரைவரை ரெண்டு வகையிலயும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மூடின பெட்டி செய்ய ரொம்ப சுலபம். உள்ளே அடைபட்ட காத்தையே ஸ்பிரிங்கா வச்சு, சின்னப் பெட்டியில பெரிய பேஸ் எடுக்கலாம்னு 1954-ல அமெரிக்காவுல எட்கர் வில்ச்சூர் ஏஆர்-1 ஸ்பீக்கர்ல காட்டினார். ஓட்டை வச்ச பெட்டி அதைவிடப் பழசு. பெல் ஆய்வகத்தோட ஆல்பர்ட் துராஸுக்கு அதுக்கான காப்புரிமை 1932-ல கிடைச்சது. கோனோட பின்பக்கச் சத்தம் வீணாப் போகாம, குழாய் வழியா வெளியே வந்து பேஸுக்குக் கைகொடுக்கும்.

மூணாவது, நீளக் குழாய் வகை. இங்கிலாந்துல பால் வாய்ட் 1930-கள்ல செஞ்ச சரிவான குழாய்ப்பெட்டி இன்னைக்கும் அவர் பேர்லயே சொல்லப்படுது. குழாயோட நீளம் சத்தத்தோட அலைநீளத்துல கால் பங்கு. நம்ம ஊர்ல 30 டிகிரியில சத்தம் விநாடிக்கு சுமார் 349 மீட்டர் போகும். 50 ஹெர்ட்ஸ் வேணும்னா 1.75 மீட்டர் குழாய் வேணும். அதை மடிச்சுப் பெட்டிக்குள்ள வைக்கணும். ஜப்பான்ல நாகாவோகா டெட்சுவோ (1926–2000) பின்பக்க ஹார்ன் பெட்டிகளைப் பலகை வெட்டும் படத்தோட எழுதி, ஒரு தலைமுறையையே ரம்பம் பிடிக்க வச்சார். அழகான வேலைதான், ஆனா உள்ளே மடிப்பு மடிப்பா பலகை வரும். முதல் பெட்டிக்கு அது வேண்டாம்.

4. கணக்கை போன் கால்குலேட்டர்லயே போடலாம்

உதாரணத்துக்கு ஒரு நாலு இன்ச் டிரைவர்: எஃப்.எஸ் 80 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ் 0.4, வி.ஏ.எஸ் 6 லிட்டர்.

மூடின பெட்டிக்கு: வி.ஏ.எஸ்ஸைப் பெட்டியோட லிட்டரால வகு, 1 கூட்டு, வர்க்கமூலம் எடு. அந்த எண்ணால க்யூ.டி.எஸ்ஸைப் பெருக்கினா பெட்டிக்குள்ள போன பிறகு இருக்கிற க்யூ கிடைக்கும்; எஃப்.எஸ்ஸைப் பெருக்கினா புது அதிர்வெண். க்யூ 0.7 பக்கம் வர்றதுதான் இலக்கு. 2.8 லிட்டர் போட்டுப் பாரு: க்யூ 0.71, அதிர்வெண் சுமார் 142 ஹெர்ட்ஸ். அதுக்குக் கீழ பேஸ் இறங்க ஆரம்பிச்சுடும்.

ஓட்டை வச்ச பெட்டிக்கு, பொறியாளர் டான் கீல் பாக்கெட் கால்குலேட்டருக்காகவே சுருக்கிக் கொடுத்த சூத்திரம் இருக்கு. லிட்டர் வேணும்னா க்யூ.டி.எஸ்ஸை 2.87 அடுக்குக்கு ஏத்தி, 15-ஆலயும் வி.ஏ.எஸ்ஸாலயும் பெருக்கு: நம்ம டிரைவருக்கு 6.5 லிட்டர். டியூனிங் (குழாய்க் காத்து ஆடுற அதிர்வெண்) வேணும்னா க்யூ.டி.எஸ்ஸை மைனஸ் 0.9 அடுக்குக்கு ஏத்தி, 0.42-ஆலயும் எஃப்.எஸ்ஸாலயும் பெருக்கு: 77 ஹெர்ட்ஸ். இந்தப் பெட்டி சுமார் 75 ஹெர்ட்ஸ் வரைக்கும் தாக்குப்பிடிக்கும்.

அதே டிரைவர், வேற பெட்டி. பேஸ் ஏறக்குறைய ஒரு ஆக்டேவ் (அதிர்வெண் பாதியாகுற அளவு) கீழ இறங்கிடுச்சு பாரு. இலவசமா இல்லை. பெட்டி ரெண்டு மடங்குக்கு மேல பெருசு. எல்லைக்குக் கீழ மூடின பெட்டியில ஆக்டேவுக்கு 12 டெசிபல் குறையும். இதுல 24 டெசிபல். அதுவும் இல்லாம, டியூனிங்குக்குக் கீழ கோனைப் பிடிச்சு நிறுத்தக் காத்து இருக்காது. ஆம்ப்ளிஃபையர்ல (ஆம்ப்) பேஸ் குமிழை முழுசா திருப்பினா கோன் அளவுக்கு மீறி ஆடும்.

கணினி இருந்தா வின்-ஐ.எஸ்.டி மென்பொருள் இதையே வரைபடமா போட்டுக் காட்டும். ஆனாலும் ஒரு தடவை கையால போடு. எந்த எண் எதை இழுக்குதுன்னு அப்பதான் மனசுல நிக்கும்.

5. லிட்டரை நீள அகலமா மாத்து

ஓட்டை வச்ச பெட்டியையே எடுத்துக்குவோம். 6.5 லிட்டர் காத்து வேணும். டிரைவரோட முதுகு, குழாய், உள்ளே வைக்கிற தாங்கு சட்டம் இதுக்கெல்லாம் அரை லிட்டர் சேர்த்து 7 லிட்டர்னு வச்சுக்கோ. உள்ளளவு 13 செ.மீ அகலம், 18 செ.மீ ஆழம், 30 செ.மீ உயரம் போட்டா 7,020 கன செ.மீ. கணக்கு முடிஞ்சது.

மூணு அளவும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம இருக்குறதைக் கவனி. கனசதுரமா செஞ்சா மூணு திசையிலயும் ஒரே அதிர்வெண்ல சத்தம் முட்டி மோதி, ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் மட்டும் துருத்திக்கிட்டு நிக்கும்.

18 எம்எம் பலகையில ஒரு பெட்டிக்கு வெட்ட வேண்டியது:
பக்கப் பலகை: 33.6 × 21.6 செ.மீ, ரெண்டு.
மேல், கீழ்: 13 × 21.6 செ.மீ, ரெண்டு.
முன், பின்: 13 × 30 செ.மீ, ரெண்டு.

முன் பலகையும் பின் பலகையும் மத்த நாலுக்கும் நடுவுல உள்ளே உட்காரும். ஜோடிப் பெட்டிக்கு 21.6 செ.மீ அகலத்துல ஒரு பட்டை, 13 செ.மீ அகலத்துல ஒரு பட்டை, ரெண்டே பட்டை போதும். எட்டுக்கு நாலு ஷீட்டுல நீளவாக்குல மூணுல ஒரு பங்குதான் செலவாகும். முழு ஷீட் எடுக்கச் சொன்னா இந்தக் கணக்கைக் காட்டு.

6. பலகை பாடக்கூடாது

தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம் எடுக்குறது அது நல்லா நாதம் கொடுக்கும்னுதான். ஸ்பீக்கர் பெட்டிக்கு அந்தக் குணம் ஆகாது. டிரைவர் மட்டும்தான் பேசணும். பலகை வாயை மூடிக்கிட்டு இருக்கணும்.

18 எம்எம் பிளைவுட்ல ஐஎஸ் 710 முத்திரை உள்ளதைக் கேளு. ஐஎஸ் 303 சாதா ரகமும் ஆகும், ஆனா மலிவுச் சரக்குல நடு அடுக்குகள்ல ஓட்டை விழுந்து கிடக்கும். கடையிலேயே பலகையை நிமித்தி வச்சு விரல் முட்டியால வரிசையா தட்டிக்கிட்டே வா. 'டொக் டொக்'னு வந்துட்டு இருந்த சத்தம் ஒரு இடத்துல 'டப்'னு பொள்ளலா மாறினா உள்ளே வெற்றிடம். அந்த இடம் பிற்பாடு ஏதாவது ஒரு ஸ்வரத்துக்கு 'கிர்ர்'னு கூட சேர்ந்து பாடும். வெட்டின ஓரத்தையும் பாரு, அடுக்குக்கு நடுவுல இருட்டுப் பொந்து தெரியக்கூடாது.

எம்டிஎஃப் சீரா வெட்டுப்படும், உள்ளே ஓட்டை இருக்காது, பெயிண்ட் அழகா பிடிக்கும். தண்ணி பட்டா ஊதிப்போகும். தரையைத் தண்ணி ஊத்திக் கழுவுற வீடுன்னா அடிப்பக்கம் ரப்பர் புஷ் வச்சு, எல்லா ஓரத்தையும் பிரைமர் அடிச்சு மூடு. கரையான் தொல்லை உள்ள வீட்டுல பிளைவுட்தான் நல்லது.

7. வெட்டுறதைக் கடை மெஷின்ல விடு, ஒரே செட்டிங்ல

கைவாளால நேரா வெட்டுறது நல்ல ஆசாரிக்கே பொறுமை கேக்குற வேலை. பலகைக் கடையிலயோ பக்கத்துப் பட்டறையிலயோ டேபிள் சா இருக்கும். முக்கியமானது இதுதான்: 21.6 செ.மீ பட்டையை முழு நீளத்துக்கும் வெட்டி முடிச்ச பிறகுதான் மெஷினோட தடுப்பை நகர்த்தணும். ஒவ்வொரு துண்டுக்கும் தனியா டேப் வச்சு அளந்தா, ஒண்ணு ஒரு நூல் கூட வரும், ஒண்ணு குறையும். அந்த ஒரு நூல் இடுக்குலதான் காத்து கசியும். பட்டையைத் துண்டு போடும்போதும் ஒரே அளவுத் துண்டுகளை வரிசையா வெட்டச் சொல்லு. ரம்பத்தோட வாய் ஒவ்வொரு வெட்டுக்கும் சுமார் 3 எம்எம் தின்னும். அதை முன்னாடியே கணக்குல சேர்த்துக்கோ.

8. டிரைவர் துளையோட முதுகைச் சாய்ச்சு விடு

துளைக்கு டிரைவரோட வெளி விளிம்பை அளக்காதே. விவரத்தாள்ல துளை அளவுன்னு தனியா கொடுத்திருப்பாங்க. அட்டையில வட்டம் வெட்டி, டிரைவரை அதுல உட்கார வச்சுப் பார்த்துட்டு பலகைக்குப் போ. ஜிக்சா போதும், ஹோல்சா கிடைச்சா இன்னும் சுத்தம்.

இனிமே சொல்றதைப் பல பேர் விட்டுடறாங்க. 18 எம்எம் பலகையில சின்ன வட்டம் போட்டா, டிரைவருக்குப் பின்னாடி அது ஒரு குட்டிச் சுரங்கம். கோனோட முதுகுல இருந்து வர்ற காத்து பக்கவாட்டுல போக வழியில்லாம அங்கேயே முட்டும். நடு ஸ்தாயி அமுங்கி, மூக்கடைச்ச குரல் மாதிரி கேக்கும். துளையோட உள்பக்க விளிம்பை அரத்தாலயோ ரூட்டராலயோ 45 டிகிரி சாய்ச்சு எடு. ஸ்குரூ வர்ற இடங்கள்ல மட்டும் பலகையை முழு கனத்துக்கு விட்டு வை, இல்லைன்னா பிடிமானம் போயிடும்.

முன்பக்க வெளி விளிம்புகளையும் கூர்மையா விடாதே. 1951-ல ஹாரி ஓல்சன் பல வடிவப் பெட்டிகளை அளந்து வெளியிட்டதுல உருண்டை வடிவம்தான் ரொம்ப சீரா வந்தது. கூரான ஓரத்துல சத்தம் தெறிச்சு இரண்டாவது மூலம் மாதிரி வேலை செய்யும். உருண்டை செய்ய முடியாட்டாலும் ஓரங்களை நல்லா வளைச்சுத் தேய்க்கலாம். லேசா உப்புத்தாள் போட்டா பலன் இல்லை. பலகை கனத்துல பாதியாவது வளைவு வரணும்.

9. ஒட்டுறதுல கஞ்சத்தனம் வேண்டாம்

ரெண்டு பக்கமும் ஃபெவிகால் தடவி, கிளாம்ப் போட்டு, ஒரு நாள் முழுக்க விடு. கிளாம்ப் இல்லைன்னா பழைய சைக்கிள் டியூபை வெட்டி இழுத்துக் கட்டு, நல்லா இறுக்கும். கட்டினதும் மூலைவிட்டம் ரெண்டையும் அளந்து பாரு. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் மூலைகள் செங்கோணம். கோணலா இருந்தா பசை காயுறதுக்குள்ள தட்டி நிமித்து. ஸ்குரூ போடுறதா இருந்தா முதல்ல மெல்லிய துளை போடணும், இல்லைன்னா பிளைவுட் அடுக்கு பிளக்கும்.

உள் மூலைகள்ல ஃபெவிகாலும் மரத்தூளும் குழைச்சு விரலால ஒரு வரி இழுத்து விடு. டிரைவருக்குக் கொஞ்சம் கீழே, ரெண்டு பக்கப் பலகையையும் இணைச்சு ஒரு தாங்கு சட்டம் வை. சரியா நடுவுல வைக்காதே. கொஞ்சம் தள்ளி வச்சா மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் அதிர்வு வேற வேற ஆகும், ஒண்ணு சேர்ந்து முழங்காது.

பின் பலகையை மட்டும் ஒட்டாதே. ரப்பர் டேப் வச்சு ஸ்குரூ போட்டு மாட்டு. டியூன் பண்ணும்போது திறக்க வேண்டி வரும்.

10. குழாயை நீளமா வெட்டி, அப்புறம் குறை

பிவிசி பைப்தான் குழாய். நம்ம உதாரணத்துக்கு உள்விட்டம் 4 செ.மீ எடுத்தா சுமார் 7 செ.மீ நீளம், 5 செ.மீ எடுத்தா 11.6 செ.மீ. பைப் வாங்கும்போது வெளிவிட்டத்தைத்தான் சொல்லுவாங்க, உள்விட்டத்தை நீயே ஸ்கேல் வச்சுப் பாரு. ரொம்ப ஒல்லியா எடுத்தா காத்து 'புஸ் புஸ்'னு சீறும். ரொம்ப அகலமா எடுத்தா நீளம் கூடி, பின் சுவத்துல முட்டும். குழாயோட உள்வாய்க்கும் எதிர்ப் பலகைக்கும் நடுவுல குறைஞ்சது ஒரு குழாய் விட்டம் இடைவெளி இருக்கணும்.

முதல்ல ரெண்டு செ.மீ கூடுதலா வெட்டி மாட்டு. வெட்டிக் குறைக்கிறது எளிது.

11. பஞ்சு அளவா

பெட்டிக்குள்ள டிரைவருக்கு எதிர்ச் சுவர், மேல், ஒரு பக்கம், இந்த மூணு இடத்துக்கும் தலையணைக்குப் போடுற பாலியஸ்டர் பஞ்சு அல்லது கனமான ஃபெல்ட் ஒட்டு. பின் சுவத்துல பட்டுத் திரும்புற சத்தம் மெல்லிய கோன் வழியா வெளியே வந்து குரலைக் கலக்கிடும். அதைத் தடுக்கத்தான் இது. மூடின பெட்டின்னா முழுசா, ஆனா அமுக்காம, பொசபொசன்னு நிரப்பலாம். ஓட்டைப் பெட்டியில குழாய் வாய்ப் பக்கம் பஞ்சு வரவே கூடாது, பேஸ் செத்துடும். இலவம் பஞ்சு வீட்டுல இருந்தா அதையும் போடலாம், மெல்லிய துணிப்பையில அடைச்சுப் போடு. இல்லைன்னா குழாய் வழியா பறக்கும்.

12. டிரைவரை மாட்டும்போது கை பத்திரம்

இரும்பு அறுக்குற, அரம் போடுற மேஜைப் பக்கமே டிரைவரைக் கொண்டு வராதே. காந்தம் இரும்புத்தூளை இழுத்துக்கும். ஒரு துகள் வாய்ஸ் காயில் (கோனை ஆட்டுற கம்பிச்சுருள்) இடுக்குல போனா ஆயுசுக்கும் கரகரன்னு இருக்கும். ஸ்குரூ டிரைவர் பிடிக்கும்போது இன்னும் ஜாக்கிரதை. காந்தம் முனையை வெடுக்குனு இழுக்கும், அடுத்த நொடி கோன்ல ஓட்டை. கோன் மேல அட்டையை வட்டமா வெட்டி மூடி வச்சுட்டு, இடது கையால முனையைப் பிடிச்சு வழிகாட்டி, எதிரெதிர் ஸ்குரூவா கொஞ்சம் கொஞ்சமா முறுக்கு. ஒரே பக்கம் முறுக்கினா சட்டம் வளையும். பின்னாடி மெல்லிய ஃபோம் டேப் வச்சா காத்து கசியாது.

பிளஸ் மைனஸ் சோதிக்க ஒரு பென்சில் செல் போதும். பிளஸ்ல பிளஸ் தொட்டா கோன் முன்னாடி வரணும். ரெண்டு பெட்டியும் ஒரே மாதிரி வரணும். ஒண்ணு மாறிப்போனா ரெண்டும் ஒண்ணையொண்ணு அழிச்சு, பேஸ் எங்கே போச்சுன்னே தெரியாது. செல்லைத் தொட்டு உடனே எடுத்துடு.

13. ஊதுபத்தியும் போனும்தான் உன் லேப்

கசிவு பார்க்க: போன்ல டோன் ஜெனரேட்டர் செயலி போட்டு 40 ஹெர்ட்ஸ் மெல்லமா ஓட விடு. ஊதுபத்திப் புகையை ஒவ்வொரு இணைப்புப் பக்கமும் கொண்டு போ. நேரா மேலே போற புகை ஒரு இடத்துல நடுங்கினா அங்கே கசியுது. கோன்கிட்ட மட்டும் நெருப்பைக் கொண்டு போகாதே.

டியூனிங் பார்க்க: 120 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு மெதுவா இறக்கிக்கிட்டே வா. விளக்கை அணைச்சு, டார்ச்சைப் பக்கவாட்டுல பிடிச்சு கோன் விளிம்பைப் பாரு. முதல்ல கோன் நல்லா ஆடும், அப்புறம் ஆட்டம் குறைஞ்சுக்கிட்டே வந்து ஒரு இடத்துல ஏறக்குறைய நின்னுடும். அதே நேரம் குழாய் வாயில கை வச்சா காத்து வேகமா அடிக்கும். அதுதான் உன் பெட்டியோட டியூனிங். நம்ம இலக்கு 77. நீ குழாயை நீளமா வெட்டியிருக்கே, அதனால 70 பக்கம் வரும். அரை செ.மீ அரை செ.மீயா குறைச்சு மேலே கொண்டு வா.

14. குரல் மட்டும் தூக்கலா இருந்தா டிரைவர் மேல பழி போடாதே

பெட்டி அகலத்தைவிட அலைநீளம் பெருசா இருக்குற சத்தம் பெட்டியைச் சுத்திப் பின்னாடி போயிடும். சின்ன அலைகள் மட்டும் முன்னாடி வரும். மீட்டர்ல அகலத்தை எடுத்து 115-ஐ அதால வகுத்தா இந்த மாற்றம் நடக்குற இடம் தெரியும். நம்ம பெட்டி வெளி அகலம் 16.6 செ.மீ, அதாவது சுமார் 700 ஹெர்ட்ஸ். கொள்கைப்படி வித்தியாசம் 6 டெசிபல் வரைக்கும் போகும். கேக்கும்போது பேஸ் இளைச்சு, குரல் கத்துற மாதிரி இருக்கும்.

காசில்லாத வைத்தியம்: பெட்டியைப் பின் சுவருக்குக் கிட்டக் கொண்டு போ. சுவர் பேஸைத் திருப்பிக் கொடுக்கும். இடம் அப்படி அமையலைன்னா, 1 மில்லிஹென்றி காயிலையும் 4.7 ஓம் 10 வாட் ரெசிஸ்டரையும் இணையா கோத்து, 8 ஓம் டிரைவரோட பிளஸ் வயர்ல தொடரா போடு. சுமார் 4 டெசிபல் சரியாகும். ஆம்ப்ல நல்ல ஈக்வலைசர் இருந்தா இதையும் வாங்க வேண்டாம்.

15. வாட்ஸைப் பார்த்து மயங்காதே

ஆம்ப் வர்ற அட்டைப்பெட்டியில பெரிய எழுத்துல போடுற பிஎம்பிஓ வாட்ஸுக்கு அர்த்தமே இல்லை. ஆர்எம்எஸ் (தொடர்ந்து கொடுக்குற வாட்ஸ்) எவ்வளவுன்னு கேளு. 88 டெசிபல் உணர்திறன் உள்ள டிரைவர் 1 வாட்ல ஒரு மீட்டர் தள்ளி 88 டெசிபல் கொடுக்கும்; 10 வாட்ல 98. நம்ம ஹாலுக்கு அது தாராளம். நல்ல சின்ன கிளாஸ் டி ஆம்ப் போர்டு, சுத்தமான அடாப்டர், அவ்வளவுதான்.

16. வைக்கிற உயரமும் திருப்புற கோணமும்

டிரைவர் உன் காது உயரத்துல இருக்கணும். பாய் போட்டு உட்கார்ந்து கேக்குற வீட்டுக்கும் சோபா போட்ட வீட்டுக்கும் ஸ்டாண்டு உயரம் வேற. யாரையாவது டேப் பிடிக்கச் சொல்லி உட்கார்ந்த நிலையில காதை அளந்துட்டு ஸ்டாண்டு செய். ரெண்டு பெட்டிக்கும் உள்ள இடைவெளியும் உனக்கும் அதுக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கட்டும். முதல்ல ரெண்டையும் நேரா உன்னைப் பார்க்கத் திருப்பு. உச்ச ஸ்தாயி குத்தினா கொஞ்சம் கொஞ்சமா வெளியே திருப்பு. டிரைவரை மாத்தாம சத்தத்தை மாத்துற மலிவான வழி இதுதான்.

மூலையில தள்ளாதே, பேஸ் குழம்பும். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அறைன்னா பெட்டிக்கும் உனக்கும் நடுவுல ஜமுக்காளம் விரி, ஜன்னலுக்குக் கனமான திரை போடு.

17. காசை எங்கே போடணும்

நல்ல டிரைவர், நல்ல பலகை, சரியான வெட்டு, இந்த மூணுக்கும் தாராளமா செலவு பண்ணு. தங்க முலாம் பிளக், விரல் தடிமன் வயர், வெனீர் இதெல்லாம் கடைசியில. பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாரமாவது வெறும் பலகையாவே கேளு. குழாயைக் குறைக்க, பஞ்சைக் கூட்ட, சட்டத்தை மாத்த அப்பதான் மனசு வரும்.

எல்லாம் முடிஞ்சதும் பின் பலகையோட உள்பக்கத்துல பென்சிலால எழுதி வை: டிரைவர் பேரு, மூணு எண், பெட்டி லிட்டர், குழாய் விட்டம், நீளம், டியூனிங். நாளைக்கு டிரைவர் போச்சுன்னா புதுசா எதை வாங்கலாம், அது இந்தப் பெட்டிக்கு ஒத்துவருமான்னு கடையில நின்னே கணக்குப் போட்டுடலாம்.